கடைசிப் பத்து மீட்டர்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்ட் நகருக்குப் பக்கத்தில் பீவர்க்ரீக் என்றொரு சிற்றூர். 2000ஆம் ஆண்டு மே 3 அன்று அங்குள்ள மரங்களுக்கிடையே டேவ் அல்மர் என்ற கணினி ஆலோசகர் ஒரு கறுப்பு வாளியை வைத்துவிட்டு வந்தார். உள்ளே குறிப்பேடு, பென்சில், சில புத்தகங்கள், ஒரு கவண், ஒரு டப்பா பீன்ஸ். வாளி இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் எழுதினார். மூன்றே நாட்களுக்குள் இரண்டு பேர் தனித்தனியே ஜிபிஎஸ் கருவியுடன் போய் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்தத் தேதிக்குக் காரணம் உண்டு. பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு அதுவரை வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் 100 மீட்டர்வரை வித்தியாசம் வரும். அதிபர் பில் கிளின்டனின் உத்தரவால் மே 1 நள்ளிரவில் அந்தக் கலப்படம் நின்றது. துல்லியம் சுமார் பத்து மடங்கு கூடியது. அதைச் சோதித்துப் பார்க்கத்தான் அல்மர் வாளியை வைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெர்மி ஐரிஷ் என்பவர், இப்படி ஒளித்துவைத்த 75 பெட்டிகளின் பட்டியலோடு ஓர் இணையதளம் தொடங்கினார். ‘ஜியோகேச்சிங்’ என்று பெயர் பெற்ற இந்த விளையாட்டில் இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. அன்று தனி ஜிபிஎஸ் கருவி செய்த வேலையை இன்று ஸ்மார்ட்போன் செய்கிறது.

கைப்பேசி வந்த பிறகு வழி நினைவில் நிற்பதே இல்லை என்ற குறை பரவலாகக் கேட்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. லண்டன் தெருக்களை மனப்பாடம் செய்த டாக்ஸி ஓட்டுநர்களின் மூளையில், இட நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பெரிதாக இருப்பதை ஆய்வாளர் எலினார் மக்வயரின் குழு 2000இல் காட்டியது. தானாக வழி தேடும்போது வேலை செய்யும் மூளை, குரல் சொல்லும் திசையில் திரும்பும்போது அந்த அளவுக்கு உழைப்பதில்லை. அதற்காகக் கைப்பேசியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எதுவரை அதை நம்பலாம், எங்கே பையில் போட வேண்டும் என்று தெரிந்தால் போதும். இதை ஜியோகேச்சிங்கைப் போலத் தெளிவாகக் கற்றுத்தரும் பயிற்சி வேறு இல்லை.

கைப்பேசி எதுவரை கூட வரும் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை வந்து சேர்ந்த நேரத்தை வைத்தே கைப்பேசி தன் இடத்தைக் கணிக்கிறது. நேரக் கணக்கு ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரக் கணக்கில் 300 மீட்டர் பிசகும். திறந்த வெளியில் நல்ல ஸ்மார்ட்போன் ஏறக்குறைய 5 மீட்டர் வட்டத்துக்குள் இடத்தைச் சொல்லும். அடர்ந்த மரமோ உயர்ந்த சுவரோ இருந்தால் சமிக்ஞை அதில் பட்டுத் தெறித்து வந்து பிழையைக் கூட்டும். பெட்டியை ஒளித்தவரின் கருவியில் 5 மீட்டர், தேடுபவரின் கருவியில் 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அலசவேண்டிய வட்டத்தின் பரப்பு 300 சதுர மீட்டரைத் தாண்டும். கிட்டத்தட்ட ஒன்றரை கிரவுண்டு மனை!

அந்த மனைக்குள் நின்றபடி திரையைப் பார்த்தால் அம்புக்குறி இங்கும் அங்கும் சுற்றும். அனுபவசாலிகள் அங்கே கைப்பேசியைப் பையில் போடுகிறார்கள். மரப்பொந்து, இயல்புக்கு மாறாக அடுக்கிய கற்கள், வேலிக்கம்பத்தின் மூடி என்று கண்ணால் துழாவுகிறார்கள். நாமே ஒளித்தால் எங்கே வைப்போம் என்று யோசிக்கிறார்கள். பெட்டியைப் புதைக்கக் கூடாது என்பது விதி. அதனால் மண்ணைத் தோண்டும் பேச்சே இல்லை. பார்வை கூர்மையாக இருந்தால் போதும்.

எண்களைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். அல்மரின் வாளி இருந்த அட்சரேகை 45 டிகிரி 17.460 நிமிடம். ஜியோகேச்சிங்கில் எழுதும் முறை இதுதான். பல வரைபடச் செயலிகளோ தசம டிகிரியில் எழுதுகின்றன. அதில் இதே இடம் 45.2910. வேறுபாடு தெரியாமல் 45.17460 என்று தட்டினால், தென்திசையில் மட்டும் சுமார் 13 கிலோமீட்டர் விலகிப் போய் நிற்க நேரும். செயலி எச்சரிக்காது, கொடுத்த எண்ணுக்கு ஒழுங்காக வழிகாட்டும்.

காட்டுக்குத் தனி ஜிபிஎஸ் கருவிதான் சரி, கைப்பேசி உதவாது என்ற வாதம் இப்போது எடுபடாது. கோபுர சமிக்ஞை இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் சமிக்ஞை கிடைக்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் போன்ற வரைபடங்களை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம். ஆனால் மின்கலத்தைப் பற்றி அப்படி வாதிடுபவர்களுக்கு உள்ள கவலை உண்மையானது. வெளிச்சமான திரையும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து மின்கலத்தை வேகமாகத் தீர்க்கும். கால் பிசகினால் உதவிக்கு அழைக்கவேண்டியதும் அதே கைப்பேசிதான். பவர் பேங்க்கும், வழியை அச்சிட்ட ஒரு தாளும் இல்லாமல் காட்டுக்குள் போவது அசட்டுத் துணிச்சல்.

திரை சொல்லாத பொறுப்பும் உண்டு. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் தெருவோரம் ஒளித்திருந்த ஒரு சிறு பெட்டியை வெடிகுண்டு என்று சந்தேகித்து, நிபுணர்கள் வந்து வெடிக்கவைத்தார்கள். வைப்பவர் நில உரிமையாளரிடம் அனுமதி பெற வேண்டும். எடுப்பவர் அக்கம்பக்கத்தாரைப் பதறவைக்கக் கூடாது. 2002 முதல் ஜியோகேச்சிங் ஆர்வலர்கள், தேடப்போகும் இடத்திலுள்ள குப்பையைப் பொறுக்கிவரும் வழக்கத்தை ஓர் இயக்கமாகவே நடத்துகிறார்கள். சென்ற இடத்தைச் சொந்த இடம்போல நடத்தும் இந்தப் பண்பு பாராட்டத்தக்கது.

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 2010இல் ஜியோகேச்சிங்குக்குத் தனித் தகுதிப் பட்டை ஒன்றை அறிமுகம் செய்தது. அதைப் பெற விரும்பும் சிறார்கள் ஜிபிஎஸ் எப்படி இயங்குகிறது என்று விளக்க வேண்டும். அதோடு காகித வரைபடத்தையும் காந்தத் திசைகாட்டியையும் பயன்படுத்தத் தெரியும் என்றும் காட்ட வேண்டும். முதல் கைப்பேசியைப் பிள்ளையின் கையில் கொடுக்கும் பெற்றோரும் இதைச் செய்யலாம்: வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியை முதலில் ஒரு தாளில் வரையச் சொல்லி, பிறகு செயலியைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.