முயற்சியாண்மையும் காணி உறுதியும்

எமது இளைஞர் அரசாங்க உத்தியோகத்தையே நாடி நிற்கின்றனர், சுயமாகத் தொழில் தொடங்கும் துணிவு அவர்களிடம் இல்லை என்னும் குற்றச்சாட்டு மேடைதோறும் ஒலித்து வருகின்றது. ஐயத்துக்கிடமற்ற உண்மை போல எடுத்துரைக்கப்படும் இக்கூற்று எத்துணை மேலோட்டமானது என்பதையும், மெய்யான காரணத்தை அது எங்ஙனம் மறைக்கின்றது என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்குற்றச்சாட்டு புதியதன்று. டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழிலாளர் நிறுவனக் குழு 1971 ஆம் ஆண்டில் இலங்கையின் வேலையின்மையை ஆராய்ந்து, வேலைவாய்ப்புகளும் எதிர்பார்ப்புகளும் ஒன்றோடொன்று பொருந்தாமையைச் சுட்டிக்காட்டியது. அக்குழு இரண்டையும் ஒருங்கே நோக்கியது. எமது மேடைப் பேச்சாளரோ வாய்ப்பை மறந்து எதிர்பார்ப்பை மட்டும் பற்றிக்கொண்டனர்.

எம்மவருக்கு வணிகம் கைவராது என்போர் சற்று வரலாற்றை நோக்குவாராக. தென்னிலங்கைப் பட்டினங்களில் சுருட்டுக்கடை நடத்திய யாழ்ப்பாணத்தார் பலர், இளவயதில் உறவினர் கடையிற் சிப்பந்திகளாகச் சேர்ந்து, காலப்போக்கிற் பங்காளராகி, ஈற்றில் தாமே கடை திறந்தவர்கள். அங்கே ஆளின் நாணயமே பிணையாக இருந்தது. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் கடைகளை எரித்தன. அவற்றோடு, முதலற்ற இளைஞன் வணிகத்துள் நுழைந்த வழியும் எரிந்தது. இன்று அவ்விடத்தில் நிற்பது வங்கியின் விண்ணப்பப் படிவமே.

அப்படிவம் பெரும்பாலும் கேட்பது யாது? காணி உறுதி, அன்றேல் நிரந்தர உத்தியோகத்திலுள்ள இருவரின் பிணைக் கையொப்பம். அரசாங்க உத்தியோகத்தை நாடாதே என்ற அறிவுரையைக் கேட்டு நடக்க முற்படும் இளைஞன், அதன்பொருட்டு இரு அரசாங்க உத்தியோகத்தரைத் தேடி அலையவேண்டியிருப்பது நகைப்புக்கிடமன்றோ? இருபத்தைந்து வயதிற் சொந்தப் பெயரிற் காணியுடையோர் மிகச் சிலரே. ஆகவே வங்கி மதிப்பிடுவது மகனின் திட்டத்தையன்று, தந்தையின் காணியையே என்பது புலனாகும். இம்முறைமையின் கீழ் முயற்சியாண்மை என்பது மரபுரிமைச் சொத்தின் மறுபெயராகி விடுகின்றது.

பெண்களின் நிலை இதனினும் இடர்மிக்கது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், சீதனமாகப் பெற்ற தன் சொந்தக் காணியைத்தானும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி ஈடுவைக்க முடியாதவாறு 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அவளைக் கட்டிவைத்தது.

எவ்வாறோ தொழிலைத் தொடங்கியோர்க்கு நேர்ந்தது என்ன? 2022 ஏப்பிரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. மின்வெட்டு ஒருபுறம், மூலப்பொருட் தட்டுப்பாடு மறுபுறம். பழைய வீதத்தில் கணக்கிட்டுக் கடன்பட்டவர் செய்த பிழை யாது? அதே நாள்களில் உத்தியோகத்தரின் சம்பளம், பெறுமதி இழந்தபோதிலும், மாதந்தோறும் வந்தது. இதனைக் கண்ணாரக் கண்ட பெற்றோர் பிள்ளையை உத்தியோகத்தின்பாற் செலுத்துவதைப் பேதைமை என எவ்வாறு கூறலாம்? அரசாங்கமே 2020 இல் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளைப் பயிலுநராக உள்வாங்கியது. ஒரு கையால் நியமனக் கடிதத்தை நீட்டிக்கொண்டு, மறுகையால் இளைஞரின் உத்தியோக மோகத்தைச் சுட்டுதல் முறையாகாது.

வங்கியிலுள்ளது வைப்பாளரின் பணம். பிணையின்றி அதனை வாரி வழங்கலாமோ எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆயின் நாம் தானம் கோரவில்லை. இடரைப் பகிருமாறே கோருகின்றோம். இயந்திரம், சரக்கு முதலிய அசையுஞ் சொத்துகளைப் பிணையாக ஏற்பதற்கு 2009 இலேயே சட்டம் இயற்றப்பட்டது. 2024 இல் அதனிடத்துப் புதிய சட்டம் வந்தது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளிலும் வங்கி முகாமையாளரின் மேசையிற் காணி உறுதியே ஆட்சி செலுத்தியது. புதிய சட்டமும் ஏட்டுச் சுரைக்காயாகாது காப்பது, அதனைக் கற்று, விளக்கி, வற்புறுத்தவல்ல கல்விச் சமூகத்தின் கடனாகும்.

பல்கலைக்கழகமும் தன்னைத்தானே வினவிக்கொள்ளல் வேண்டும். முயற்சியாண்மையின் வரைவிலக்கணத்தை மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் எழுதும் மாணவனுக்கு, கடன் ஒப்பந்தத்தை வாசிக்கவும் நட்டத்தை உரிய வேளையில் இனங்காணவும் நாம் கற்பிக்கின்றோமா? ஒருமுறை நொடித்தவனைக் கடன்காரன் என ஊரார் இகழ, அவ்வீட்டிற் சம்பந்தஞ் செய்யவும் தயங்கும் எமது சமூகத்தை நாம் கண்டித்ததுண்டா?

துணிவு பற்றிய உபதேசங்கள் போதும். தோல்வியின் முழுச் சுமையையும் இளைஞரின் தலையில் ஏற்றிவிட்டு அவர்களது துணிவை அளவிட எவருக்கும் உரிமையில்லை. அச்சுமையில் ஒரு பங்கை அரசும் வங்கியும் சமூகமும் ஏற்கும் நாளிலேயே இளைஞரின் ஆற்றல் பற்றித் தீர்ப்புக் கூறுதல் பொருந்தும்.