ஏழாவது கம்பிக்கு நீளம் வேண்டும்

மெட்டல் வாசிக்க ஏழு கம்பி கிடார் தேடும் தூத்துக்குடிப் பிள்ளைகள் நிறத்திலும் பிக்கப்பின் பெயரிலும் மயங்காமல், முதலில் ஸ்கேலைக் கேட்க வேண்டும். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம்தான் ஸ்கேல். ஆறு கம்பி கிடாரின் தடித்த ‘இ’ கம்பி நொடிக்குச் சுமார் 82 முறை அதிரும். அதற்கும் கீழே ஏழாவதாக வரும் ‘பி’ கம்பி சுமார் 62 முறைதான். வழக்கமான 25.5 அங்குலத்தில் அது தொளதொளத்துப் போகும். ஓங்கி அடித்தால் ஃபிரெட்டில் உரசும், சுருதி ஒரு கணம் ஏறி இறங்கும். டிஸ்டார்ஷன் அதைக் கூழாக்கிவிடும். அதே கம்பியை 27 அங்குலத்தில் அதே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை சுமார் 12 சதவீதம் கூடுகிறது.

கிடார் கலைஞர் ஸ்டீவ் வாய்க்காக 1990-இல் வந்த ஏழு கம்பி இபனெஸ் யூனிவர்ஸ் 25.5 அங்குலம்தானே, 1994-இல் கார்ன் குழு அதை ‘ஏ’ வரை இறக்கியே ஆல்பம் போட்டதே என்று கேட்கலாம். நியாயம்தான். தடித்த கம்பி போட்டால் தொய்வு குறையும். ஆனால் தடிக்கத் தடிக்கக் கம்பி விறைத்து, மேல்சுரங்கள் சுருதி விலகி, ஒலி மந்தமாகும். கார்னுக்கு அந்த மொத்தை ஒலியே அழகு. ஒவ்வொரு அடியும் தனித்து விழ வேண்டிய வேக ரிஃப்புக்கு அது உதவாது. இதைவிட வலுவான கேள்வி, ஏழாவது கம்பியே எதற்கு என்பது. 1971-இல் மெட்டல் கிடார் கலைஞர் டோனி அயோமி ஆறு கம்பியையே இறக்கி வாசித்தார். ஆனால் ஆறையும் இறக்கினால் மேல் கம்பிகளும் கூடவே இறங்கும். இருப்பதை விடாமல் கீழே இடம் வேண்டும் என்றால்தான் கூடுதல் கம்பி. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஐந்தாவது கம்பியைச் சேர்த்ததும் கர்நாடக இசைக்கு அந்த இடம் தேவைப்பட்டதால்தான். தேவையில்லாதவர் ஆறோடு நிற்கலாம், பணமாவது மிஞ்சும். 27 அங்குலத்தில் விரல் எட்டாது என்பவர்களுக்கு, தடித்த கம்பிக்கு நீளமும் மெல்லிய கம்பிக்குக் குறைவும் தரும் மல்டி ஸ்கேல் கிடார்கள் இருக்கின்றன.

பிரிட்ஜ் விஷயத்தில் நம்மூர்க் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். உப்பளம் செழிக்கும் கரையில் ஜன்னல் கம்பி என்ன பாடுபடும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அசையும் வகையான ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் முழுக்க ஸ்பிரிங்கும் பொடி ஸ்க்ரூக்களும்தான். அது அசைந்து திரும்பும் கத்திமுனையில் துரு ஏறினால் சுருதி பழைய இடத்துக்கு வராது. ஆலன் ஸ்க்ரூவின் குழி மழுங்கிவிட்டால் கம்பி மாற்றுவதே பெரும்பாடு. இங்கே அசையாத பிரிட்ஜே போதும். தடித்த கம்பியின் சுருள் இடுக்கில் வியர்வையும் உப்பும் அடைவதால், விலை கூடினாலும் பூச்சுள்ள கம்பியே கட்டுப்படியாகும். ஸ்கேலைக் கடைக்காரர் சொல்லி நம்ப வேண்டாம். அளவு நாடாவை நட்டிலிருந்து 12-ஆவது ஃபிரெட் வரை பிடித்தால் 13.5 அங்குலம் காட்ட வேண்டும். அதன் இரட்டிப்புதான் 27.