எட்டு இஞ்ச் வட்டமும் எட்டு இஞ்ச் சதுரமும் ஒண்ணா?

"செய்முறையில சொன்ன அதே டின் இருந்தா செய்யுங்க, இல்லேன்னா விட்டுடுங்க"ன்னு சமையல் வகுப்புல உபதேசம் பண்றவங்களைக் கண்டாலே எனக்குக் கடுப்பு மக்களே. டின் விக்கிறவங்க சொன்னா புரியுது. பத்தாவது வரைக்கும் கணக்கு படிச்சவங்க சொன்னா எப்படி?

நம்ம ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாடகை வீட்டுல ஓவனுக்கு எங்க போறது? குக்கர் அடியில உப்பு பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழட்டி வெச்சுட்டுதான் கேக். குக்கரோ வட்டம். செய்முறையில இருக்கறதோ எட்டு இஞ்ச் சதுர டின். உடனே ஆசையை மூட்டை கட்டணுமா?

சதுரம் 8×8 = 64 சதுர இஞ்ச். எட்டு இஞ்ச் வட்டம் 4×4×3.14, அதாவது சுமார் 50. ரெண்டும் எட்டுதானேன்னு அதே மாவை வட்டத்துல ஊத்தினா உயரம் கால் பங்குக்கு மேல ஏறும். ஓரம் கருகும், நடுவுல மாவாவே இருக்கும். பழி மட்டும் பேக்கிங் பவுடர் மேல!

ஒன்பது இஞ்ச் வட்டம் எடுங்க: 63.6. கிட்டத்தட்ட சதுரத்துக்குச் சமம். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கி.மு. 1550 வாக்குல எகிப்துல எழுதின ரைண்ட் பாப்பிரஸ்லயே விட்டம் 9 உள்ள வட்டத்துக்குப் பக்கம் 8 உள்ள சதுரத்தோட பரப்புன்னு கணக்கு இருக்கு. நம்ம காரி நாயனாரோட கணக்கதிகாரமும் பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால பெருக்கினா வட்டத்தோட பரப்புன்னு சொல்லுது.

குக்கர்ல ஏழு இஞ்ச் வட்டம்தான் போகுமா? 38.5. அறுபத்து நாலுல அறுபது சதவீதம். அஞ்சு முட்டைக்கு மூணு, மத்த எல்லாமும் அதே விகிதம். முடிஞ்சது. சாய்வான சட்டின்னா பையும் வேண்டாம், ரெண்டு பாத்திரத்துலயும் டம்ளரால தண்ணி ஊத்தி அளந்து பாருங்க.

"நேரம், சூடு எல்லாம் மாறுமே"ன்னு கேப்பாங்க. மாவோட உயரம் மாறினாத்தான் நேரம் பெரிசா மாறும். பரப்புக்கு ஏத்த மாதிரி மாவைக் குறைச்சா உயரம் அதேதான். பத்து நிமிஷம் முன்னாடியே குச்சி குத்திப் பாருங்க, போதும்.

இது வெறும் ருசி சமாச்சாரமும் இல்லை. வீட்டுல கேக் செஞ்சு விக்கிற அக்காக்கள் நிறைய பேர் எட்டு இஞ்ச் வட்டத்துக்கும் சதுரத்துக்கும் ஒரே விலை சொல்றாங்க. வட்டத்துக்குப் பொருள் செலவு 200 ரூபாய்னா, அதே உயரத்துல சதுரத்துக்கு 255 கிட்ட. ஒவ்வொரு சதுர கேக்குலயும் 55 ரூபாய் கைவிட்டுப் போகுது. பி.காம். படிக்கிறவனுக்கு இதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியலை :-)

மில்லிமீட்டர் பிசகினா பார்ட்டை ரிஜெக்ட் பண்ற ஊர் இது. ஷிப்ட்ல அளக்கத் தெரிஞ்ச கைக்கு சமையலறையில அளக்கத் தெரியாதா என்ன? புது டின் வாங்குறதுக்கு முன்னாடி அந்தப் பழைய ஜாமென்ட்ரி பாக்ஸைத் தேடி ஸ்கேலை எடுங்க.