மழைக்காலத் தோட்டமும் ஒரு குவளை சுக்குக் காப்பியும்

ஐப்பசி பிறந்துவிட்டால் செங்கல்பட்டுப் பக்கத்து வீடுகளில் தோட்ட வேலை கூடிவிடும். வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் முருங்கையின் நீண்ட கிளைகளைக் கழிக்க வேண்டும்; இல்லையேல் முதற்காற்றிலேயே அவை முறிந்து கூரைமேல் விழும். ஆடியில் விதைத்த அவரை பூக்கத் தொடங்கியிருக்கும். அதன் பந்தலை இறுக்கிக் கட்ட வேண்டும். தொட்டிகளின் அடித்துளை அடைபட்டிருந்தால் குத்திவிட வேண்டும். மாமல்லபுரம் கடற்கரையோர வீடுகளில் மண் பெரும்பாலும் மணலே. எரு இட்ட மறுநாள் பெருமழை பெய்தால் சத்தெல்லாம் நீரோடு கீழே இறங்கிவிடும். ஆதலால் அங்குள்ளோர் மழை ஓய்ந்த நாள் பார்த்துச் சிறிது சிறிதாக இட வேண்டியிருக்கிறது.

இந்தப் பருவத்தில் நோயாளர் உள்ள வீடுகளில் ஒரு சொல் அடிக்கடி கேட்கும்: “நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்ப்பா, உள்ளே போய் உட்காருங்க.”

அன்பினால் வரும் சொல்தான். ஆயினும் பல வீடுகளில் அது தவறான சொல் என்பதே எங்கள் கருத்து. அத்தவறில் எங்களுக்கும் பங்குண்டு. வீடு திரும்பும் நாளில் நாங்கள் தரும் தாளில் ‘ஓய்வு’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறோம். எத்தனை நாள் ஓய்வு, எந்த வேலையிலிருந்து ஓய்வு என்பதை எழுதுவதில்லை. இரண்டு வாரத்துக்கென எழுதப்பட்ட அச்சொல்லைக் குடும்பத்தார் இரண்டு ஆண்டுக்குக் காப்பாற்றுகின்றனர். தாம் நட்டு வளர்த்த செடிகளைச் சன்னல் வழியே பார்த்தபடி அவர் அமர்ந்திருக்கிறார். தொடைத் தசை இளைக்கிறது. சர்க்கரை இறங்க மறுக்கிறது. பகலில் உறங்கி இரவில் விழித்திருக்கிறார். இவற்றுக்கெல்லாம் நாங்கள் மாத்திரை எழுதித் தருகிறோம்!

தோட்டத்தில் ஆபத்தே இல்லை என்று நாங்கள் கூறவில்லை. ஆபத்து உண்டு, அதில் பெரும்பங்கு பாதத்தில் இருக்கிறது. இதனை விளக்க நம் ஊரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் பழைய தொழுநோய் மருத்துவமனை ஒன்று உண்டு. 1955-இல் அதனை மத்திய அரசு ஏற்று, தொழுநோய்க்கான பயிற்சி, ஆய்வு நிலையமாக்கியது. அதற்கு முன், 1940-களின் பிற்பகுதியில், அங்குப் பணியாற்றிய ராபர்ட் காக்ரேனைக் காண வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் வந்தார். விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவர் அவருடைய கையைப் பற்றினார். பிடி வலித்தது. மடங்கிய கையிலும் வலுவான தசைகள் உயிரோடிருப்பதை அவர் அன்று உணர்ந்தார். பின்னாளில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் மற்றோர் உண்மையையும் நிறுவினர். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் தாமாகவே அழுகி விழுவதில்லை. வலி தெரியாமையால் அன்றாடம் படும் காயங்களே அவற்றைத் தின்கின்றன என்பதே அவ்வுண்மை. இன்று நாங்கள் எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பு அந்த உழைப்பின் வழியே வந்தது.

இப்போது அச்செருப்பை வாங்கிச் செல்வோரில் பெரும்பாலார் நீரிழிவு உடையவர்கள். நோய் வேறு, மரத்துப்போன பாதத்தின் கதை ஒன்றே. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அத்தகைய இரவுக்கு மறுநாள் காலையில், விழுந்த கிளைகளை அகற்ற வெறுங்காலோடு இறங்குவதே நம் வழக்கம். சேற்றுக்குள் கிடக்கும் ஆணியையும் கண்ணாடித் துண்டையும் கண் காண்பதில்லை. மரத்த காலும் அறிவதில்லை. எலிக்காய்ச்சல் தேங்கிய நீரின் வழியே வருகிறது. மெலியாய்டோசிஸ் என்னும் கிருமிநோய் ஈர மண்ணிலிருந்து வருவது. அது பெரும்பாலும் நீரிழிவு உடையவர்களையே தேடிப் பிடிக்கிறது.

எனவே நாங்கள் கேட்பது இவ்வளவே: மூடிய ரப்பர்க் காலணி, கையுறை, உட்கார ஒரு முக்காலி. மாலையில் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலை வீட்டார் ஒருவர் பார்த்துவிட வேண்டும். மழைக்குளிருக்கு இதமென்று வெந்நீர் வாளியில் காலை வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கொப்புளம் வந்த பிறகே சூடு தெரியவருகிறது. தோட்ட வேலைக்குப் பின் காய்ச்சல் கண்டால், ஈர மண்ணில் வேலை செய்ததை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், ஆறாத புண் உடையோர் இப்பருவத்தில் மண்ணைத் தொட வேண்டாம். அதனால் அவர்களுக்கு வேலையே இல்லை என்றாகாது. எதை எங்கு நடுவது என்று முடிவு செய்பவர் அவராகவே இருக்கட்டும், பேரப்பிள்ளை தோண்டட்டும்.

மற்றவர்களுக்கு இப்பருவத்தின் தலையாய வேலை ஒன்றை நாங்கள் முன்மொழிகிறோம். அது வாரம் ஒருநாள் வீட்டைச் சுற்றி வந்து தேங்கிய நீரைத் தேடுவது: தொட்டித் தட்டு, தேங்காய் ஓடு, பழைய டயர், குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு. டெங்கு பரப்பும் கொசு தெளிந்த நீரோரத்தில் முட்டையிட்டு, முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும்; ஆகவே வாரக்கணக்குத் தவறக் கூடாது. நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. விளிம்பில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும் ஆதலால் தேய்த்துக் கழுவ வேண்டும். குனிந்து தேய்ப்பதை மகன் செய்யலாம். கண்டுபிடித்துச் சொல்வது அப்பாவின் அதிகாரம். வீட்டிலுள்ள அனைவரையும் காக்கும் பொறுப்பை நோயாளரிடமே ஒப்படைப்பது எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

வேலை முடிந்து திண்ணைக்கு வந்தால் சுக்குக் காப்பி. பெயரில்தான் காப்பி, காப்பிக்கொட்டைக்கும் அதற்கும் உறவில்லை. தோல் சீவிய சுக்கு, வறுத்த மல்லி, சிறிது மிளகு, ஓர் ஏலக்காய். மல்லி மூன்று பங்கும் சுக்கு ஒரு பங்கும் எங்கள் கணக்கு. காரம் விரும்புவோர் எங்களோடு சண்டைக்கு வருவார்கள். வயிற்றுப்புண் உள்ளவர் மிளகைக் குறைத்துக்கொள்க.

இதையும் ‘கூடவே கூடாது’ என்று தடுக்கும் வீடுகள் உண்டு. ‘மூலிகைதானே’ என்று சொம்பு சொம்பாய்க் கொடுக்கும் வீடுகளும் உண்டு. இரண்டும் எங்களுக்கு உடன்பாடில்லை. கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்னும் நம்பிக்கை இக்கடற்கரைப் பகுதியில் வேரூன்றியிருக்கிறது. கருப்பட்டியின் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே பொருள்தான். நீரிழிவு உடையவர் அது இல்லாமலே குடிக்கட்டும். மல்லியின் மணம் அப்போதுதான் தெரியும் என்று நாங்கள் வாதிடுவோம். இதயம் தளர்ந்தவரும் டயாலிசிஸ் செய்துகொள்பவரும் ஒரு குவளையை, 150 மில்லி என்றால் 150 மில்லியாகவே, அன்றைய நீரளவில் கழித்துக்கொள்ள வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்வோரும் வலிப்புக்கு மருந்து உட்கொள்வோரும் நாள்தோறும் குடிக்கத் தொடங்குமுன் எங்களிடம் ஒரு சொல் கேளுங்கள்; கெட்டியான கஷாயமாயின் கட்டாயம் கேளுங்கள்.

இன்னொன்று, கை மரத்தவருக்கு எவர்சில்வர் டம்ளர் ஆகாது. சூடு தெரியாமல் இறுகப் பிடித்துக் கொப்புளத்தோடு வருபவர்கள் இருக்கிறார்கள். கைப்பிடியுள்ள பீங்கான் குவளையில், ஆற்றிக் கொடுங்கள்.

கார்த்திகை பிற்பாதியில் மல்லிகைக்குக் கவாத்து செய்ய வேண்டும். அதற்குள் உங்களில் பலர் மறு பரிசோதனைக்கு வந்துபோவீர்கள். அன்று அத்தாளைக் கையோடு கொண்டு வாருங்கள். ‘ஓய்வு’ என்ற சொல்லுக்கு எதிரே எத்தனை நாள், எந்தெந்த வேலை என்று எழுதித் தரும்படி கேளுங்கள். கத்தரிக்கோலை அவர் கையில் கொடுக்கலாமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.