கேட்கப்படும்போது எதைச் சொல்வோம்?



திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து மும்பைக்கு வந்த நம் பெரியவர்களில் அநேகருக்கு முதல் வேலையை வாங்கிக்கொடுத்தது ஊர்க்காரர் ஒருவரின் வாய்வார்த்தையே. "நம்ம ஊர்ப் பையன், நம்பி வைக்கலாம்" என்று அவர் சொன்னார். மறுநாள் காலையில் வேலை தொடங்கிற்று. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் காலூன்றின. இன்று அதே வீடுகளில் பட்டம் பெற்று நிற்கும் பிள்ளைகளுக்காகப் பேச அப்படி ஒருவர் இல்லை. அந்தேரியிலோ பவாயிலோ உள்ள அலுவலகத்தில், முன்பின் அறியாத இருவருக்கு எதிரே உட்கார்ந்து, தன்னைப் பற்றித் தானே சொல்லவேண்டும். அவ்வாறு உட்கார்ந்த அனுபவம் வீட்டில் ஒருவருக்கும் இல்லாததால் கேட்டறியவும் வழியில்லை. ஆகவே இம்மாதம் நேர்முகத் தேர்வைக் குறித்துச் சிந்திப்போம்.

கேட்பவர் எதைத் தேடுகிறார்?

கேள்விகள் பலவாக இருந்தாலும் கேட்பவரின் மனதில் இருப்பவை மூன்றுதான். இந்த வேலையை இவரால் செய்யமுடியுமா? சொன்ன சொல்லில் நிற்பாரா? உடன் வேலை செய்வோரோடு ஒத்துப்போவாரா? "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டவுடன் தகப்பனார் பெயரையும் உடன்பிறந்தோரின் எண்ணிக்கையையும் சொல்லத் தொடங்குகிறவர்கள் உண்டு. அவர் கேட்பது அதுவன்று. என்ன படித்தீர்கள், என்ன செய்திருக்கிறீர்கள், இந்தப் பணியை ஏன் விரும்புகிறீர்கள் என்னும் மூன்றையும் ஒன்றரை நிமிடத்தில் சொல்லிமுடித்தால் போதும்.

ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் இருவர், 85 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து 1998-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மனம்போனபடி பேசிப் பார்ப்பதைக் காட்டிலும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்டு மதிப்பெண் இடுவதே, யார் பிற்பாடு நன்றாக வேலை செய்வார் என்பதைச் சரியாகக் காட்டுகிறது என்று கண்டார்கள். 2022-இல் வேறு ஆய்வாளர்கள் மறுபடியும் கணக்கிட்டபோது, ஒழுங்குபடுத்தப்பட்ட இந்த நேர்முகமே முதலிடத்தில் நின்றது. ஆகையால்தான் இன்று பல நிறுவனங்கள், "கடினமான ஒரு வேலையைக் குறித்த நேரத்தில் முடித்த அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று, நடந்ததைக் கேட்கின்றன. "நான் கடின உழைப்பாளி" என்னும் வார்த்தையை அங்கே வருகிற எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் செய்த காரியத்தை நீங்கள் மட்டுமே சொல்லமுடியும்.

வீட்டிலேயே இருக்கும் அனுபவம்

"எனக்கு அனுபவமே இல்லையே" என்று மனமடிவாகிறவர்கள் சற்றுப் பொறுங்கள். பி.காம். முடித்த ஒரு தங்கையை எண்ணிப் பாருங்கள். அவள் தாயார் தாராவியில் இட்லி அவித்து வியாபாரிகளுக்குக் கொடுக்கிறார். நாள்தோறும் இட்லி மீந்துபோகிறது. மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு நாளின் விற்பனையையும் எழுதிவைக்கிறாள். திங்கட்கிழமைகளிலும் மழை நாட்களிலும்தான் அதிகம் மீறுகிறது என்று கண்டு, அந்நாட்களில் மாவைக் குறைக்கச் சொல்கிறாள். மூன்று மாதத்தில், நாளொன்றுக்கு 150 மீந்த இட்லி 40 ஆகக் குறைகிறது. கணக்கு உதவியாளர் பணிக்கு இதைவிட நல்ல பதில் ஏது? ஆனால் தாயின் தொழிலைச் சொல்ல வெட்கப்பட்டு அவள் அதை மறைத்துவிடுவாளாகில், கேட்பவர் அவளுடைய மதிப்பெண்ணை மட்டுமே காண்பார்.

இவ்விதமாக மூன்று நிகழ்ச்சிகளை எழுதிவையுங்கள். சூழ்நிலை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, அதனால் விளைந்தது என்ன என்று நான்கு வரி போதும். வாலிபர் முகாமுக்கு 80 பேருக்குச் சாப்பாடும் போக்குவரத்தும் ஒழுங்கு செய்ததும், அண்டைவீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் வேலைதான். ஊழியப் பயிற்சிக்காக ஒரு வருடம் சென்றிருந்தால் அதையும் உள்ளபடியே சொல்லுங்கள். இடைவெளி இருப்பது குற்றமன்று; மழுப்புவதுதான் சந்தேகத்தை எழுப்புகிறது.

பொய் அனுபவம் வேண்டாம்

அனுபவச் சான்றிதழைப் பணத்துக்குத் தயாரித்துக் கொடுக்கிறவர்கள் பெருநகரங்களில் உண்டு. "எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று நண்பர்களும் துணிவூட்டுவார்கள். 2014 முதல் வருங்கால வைப்புநிதி உறுப்பினருக்கு 12 இலக்கமுள்ள ஒரே எண் வழங்கப்படுகிறது. எத்தனை நிறுவனம் மாறினாலும் அவ்வெண் மாறுவதில்லை. எந்த மாதம் எந்த நிறுவனம் பணம் செலுத்தியது என்பது அதில் பதிவாகிறது. பின்னணியைச் சரிபார்ப்பதற்கென்றே தனி நிறுவனங்கள் இயங்குகின்றன. வேலையில் சேர்ந்து சில மாதங்கள் சென்றபின் உண்மை வெளிப்பட்டு, ஒரே நாளில் வெளியேற்றப்பட்டவர்கள் உண்டு. சம்பளத்தை நம்பி வாடகை வீடு மாற்றிய குடும்பத்துக்கு அது எத்தகைய இடி என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தெரியாத கேள்வி வந்தால், "இது எனக்குத் தெரியாது, ஆனால் இவ்விதமாகக் கண்டுபிடிப்பேன்" என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் பேசப் பயமிருந்தால் சிறு சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள். கேள்வி விளங்காவிட்டால் மறுபடியும் சொல்லும்படி பணிவாய்க் கேளுங்கள். அதனால் மதிப்புக் குறையாது. தமிழும் இந்தியும் மராத்தியும் ஓரளவு ஆங்கிலமும் பேசுகிற பிள்ளை, நான்கு மொழி வாடிக்கையாளரைக் கவனிக்கக்கூடிய பிள்ளை. அதைச் சொல்ல மறக்கிறவர்களே அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

கால் சென்டர், மருத்துவமனை, விமான நிலையம், ஹோட்டல் முதலிய இடங்களில் வார விடுமுறை பெரும்பாலும் சுழற்சி முறையில் வரும். "ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா?" என்னும் கேள்வி நம் பிள்ளைகளுக்கு உள்ளத்தைத் தைக்கிற கேள்வி. வேலை கைதவறிவிடுமோ என்று "வருவேன்" எனச் சொல்லிவிட்டு, பிறகு வாரந்தோறும் காய்ச்சல், தலைவலி என்று விடுப்புக் கேட்பது யாருக்கும் நற்சாட்சியாகாது. நேர்முகத்துக்குப் புறப்படுமுன்னே குடும்பமாகப் பேசித் தீர்மானியுங்கள். ஞாயிறு காலை இயலாது என்றால், "சனிக்கிழமையும் இரவுப் பணியும் ஏற்றுக்கொள்கிறேன், ஞாயிறு காலை மட்டும் ஒழுங்கு செய்ய இயலுமா?" என்று கேளுங்கள். சிலர் சம்மதிப்பார்கள், சிலர் மறுப்பார்கள். மறுப்பு முதல் நாளிலேயே தெரிந்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

பணம் கேட்டால் எழுந்து வாருங்கள்

அரசுப் பணி என்னும் பெயரில் ஏமாறுகிற குடும்பங்கள் இன்றும் உள்ளன. மத்திய அரசின் அரசிதழ் பதிவு பெறாத 'பி' பிரிவு, 'சி' பிரிவுப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வு 1-1-2016 முதல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, "ரயில்வே குமாஸ்தா வேலைக்கு இன்டர்வியூவில் சொல்லிவைக்கிறேன், இரண்டு லட்சம் கொடுங்கள்" என்று ஒருவர் வந்தால், இல்லாத ஒன்றுக்கு அவர் விலை பேசுகிறார் என்று அறிந்துகொள்ளுங்கள். ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கி அதிகாரித் தேர்வில் நேர்முகம் உண்டு. அங்கும் முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 80 பங்கும் நேர்முகத்துக்கு 20 பங்குமே. தனியார் துறையிலும் பதிவுக் கட்டணம், பயிற்சி வைப்புத்தொகை என்று முன்பணம் கேட்கிற இடத்தை விட்டு விலகுங்கள்.

சம்பளப் பேச்சிலும் ஜாக்கிரதை தேவை. ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் மாதம் 25,000 கைக்கு வரும் என்று எண்ணிவிடாதீர்கள். நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் வைப்புநிதியும் பணிக்கொடையும் பெரும்பாலும் அத்தொகைக்குள்ளேயே அடங்கும். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி என்று கொண்டால், உங்கள் பங்கு வைப்புநிதியும் தொழில் வரியும் போக ஏறக்குறைய 21,000 மட்டுமே கைக்கு வரும். "பிடித்தம் போக மாதம் எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்பது மரியாதைக்குறைவன்று.

அந்த நாளுக்கு ஆயத்தம்

முந்தின நாளே அவ்விடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது. சயானிலிருந்து சாக்கி நாக்கா செல்லவேண்டுமானால், காட்கோபர் வரை மின்ரயிலிலும் அங்கிருந்து மெட்ரோவிலும் போகலாம். மழைக்காலமாயின் இன்னொரு சட்டையையும் காலுறையையும் பிளாஸ்டிக் உறையில் எடுத்துச் செல்லுங்கள். சான்றிதழ்களையும் அவ்வாறே பத்திரப்படுத்துங்கள். உடை விலையுயர்ந்ததாக இருக்கவேண்டியதில்லை. துவைத்துத் தேய்த்ததாக இருக்கட்டும். நகை அணியாத சகோதரிகள் அதற்காகக் கூச்சப்படவும் வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பத்துப் பேர் வந்த இடத்தில் ஒருவரைத்தான் எடுப்பார்கள். தெரிவுசெய்யப்படாமல் திரும்பும் பிள்ளையிடம் "என்ன ஆயிற்று?" என்று வாசலிலேயே கேளாதேயுங்கள். முதலில் சாப்பாடு போடுங்கள். பிறகு, என்னென்ன கேட்டார்கள் என்று அவனையே எழுதிவைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அதுவே பாடப்புத்தகமாகும்.

உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் நீங்கள் உதவமுடியும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பிள்ளையை எதிரே உட்காரவைத்து, "நீ செய்த ஒரு வேலையைச் சொல், கேட்போம்" என்று தமிழிலேயே கேளுங்கள். உங்களுக்கு விளங்கும்படி தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, அதையே ஆங்கிலத்தில் சொல்லப் பழகுவது அத்தனை கடினமாக இராது.