எட்டாம் வகுப்போடு நின்றுபோகும் கணக்கு

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியானதிலிருந்து, கட்டாயத் தேர்ச்சி பற்றி இந்த இதழின் நிலை என்ன என்று கணித ஆசிரியர்கள் கேட்டுவருகிறார்கள். ஐந்திலும் எட்டிலும் பிள்ளைகளை நிறுத்தி வைக்க 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதியைத் திருத்தியது. மாநிலம் அதை ஏற்கவில்லை. நாமும் ஏற்கவில்லை. பெயிலானதும் தறிக்குப் போன பிள்ளைகளைக் காஞ்சிபுரம் போதும் போதும் என்ற அளவுக்குப் பார்த்துவிட்டது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானதிலும் மறுப்பில்லை; அந்தப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டுக்குத் தாவும் பள்ளிகளைக் கண்காணித்தால் போதும்.

ஆனால் நிறுத்தாமல் அனுப்பும் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோம்? அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கவனிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஏழில் சதவீதமும் தனிவட்டியும், எட்டில் வாழ்வியல் கணிதம். பலருக்குப் பணம் பற்றிய கடைசிப் பாடம் அதுதான்.

அந்தப் பாடம் தறியடியில் எதற்கு என்று பாருங்கள். கரையையும் உடலையும் இணைத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. பக்கக் கரையின் நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் வேண்டும். முன்பு பிள்ளையார்பாளையம் போன்ற தெருக்களில் அந்த ஆள் பல வீடுகளில் சிறுபிள்ளை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக உட்கார்ந்த பிள்ளை. வறுமைதான் முதல் காரணம், சந்தேகமில்லை. ஆனால் கூலியில் பிடித்தது எவ்வளவு, அதில் வட்டிக்குப் போனது போக அசலில் கழிந்தது எவ்வளவு என்று நோட்டைப் பார்த்துக் கேட்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லாததும் ஒரு காரணம். ஜரிகை ஒரு மார்க் 242 கிராம். அதில் தங்கம் 0.6 சதவீதம் என்றால், ஒன்றரை கிராமுக்கும் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கும் பெண்ணை எந்த வியாபாரியும் எளிதில் ஏய்க்க முடியாது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் ஐந்தொகையை வாசித்துக் கேள்வி கேட்கவும் அவளால் முடியும். கணக்குக் காட்டாதவர் குடவோலைத் தேர்தலில் நிற்கக் கூடாது என்று பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டிய உத்திரமேரூர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் கல்வித்துறையில் மேலே இருப்பவர்கள் கணிதப் பாடவேளையைத்தான் முதலில் பறிக்கிறார்கள். செயலியில் பதிவேற்றம், கணக்கெடுப்பு, பயிற்சி என்று ஆசிரியரை வகுப்பிலிருந்து இழுக்கிறார்கள். பிறகு அடைவு குறைந்ததென்று அதே ஆசிரியரிடம் விளக்கம் கேட்கிறார்கள். வாழ்வியல் கணிதத்தைச் சூத்திரமாக மனப்பாடம் செய்தாலே மதிப்பெண் கிடைக்கும் வினாத்தாளை அமைப்பது யார்? ஆசிரியரா?

கூட்டு வட்டிச் சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்லும் வினாக்களை எடுத்துவிடுங்கள். எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் கூலி நோட்டின் ஒரு பக்கத்தை அச்சிட்டு, முன்பணத்தில் இன்னும் பாக்கி எவ்வளவு என்ற ஒரு வினாவைக் கட்டாயமாக்குங்கள். வரும் கல்வியாண்டிலேயே அது வர வேண்டும்.