பொருநைக்கரைக் கல்லூரி நூலகங்கள் திறக்கட்டும்!

பாளையங்கோட்டையைத் ‘தென்னாட்டு ஆக்சுபோர்டு’ என்று சொல்லிக்கொள்வதில் நெல்லைத் தமிழர்க்கு ஒரு பெருமிதம் உண்டு. பெருமைக்குக் கூட அயலான் ஊர்ப்பெயரைத்தான் கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்பது ஒருபுறம் கிடக்கட்டும். கல்லூரிகளுக்கு இங்குக் குறைவில்லை என்பது உண்மை. 1878-இல் கல்லூரியாக உயர்ந்த ம.தி.தா. இந்துக் கல்லூரி, 1895-இல் தோன்றிய சாராள் தக்கர் மகளிர் கல்லூரி, 1923-இல் எழுந்த தூய சவேரியார் கல்லூரி என அகவையிற் பழுத்த நிலையங்கள் பல. பொருநை மலையை விட்டிறங்கும் பாபநாசத்தில் ஒரு கல்லூரி. கடலை நெருங்கும் திருவைகுண்டத்தில் ஒரு கல்லூரி. இடையே, 1990-இல் நிறுவப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். இத்தனைக்கும் நூலகங்கள் உண்டு. அந்நூலகங்கள் தமிழ்வழி பயிலும் பிள்ளைக்கு என்ன தருகின்றன என்பதே கேள்வி.

முக்கூடலிலோ கடையத்திலோ பீடி சுற்றிப் பிழைக்கும் தாய் ஒருத்தியின் மகள், பன்னிரண்டாம் வகுப்புவரை எல்லாப் பாடங்களையும் தமிழிலேயே கற்றுவிட்டுக் கல்லூரிக்கு வருகிறாள் என்று கொள்வோம். அவள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதிக்கும் முதற் கால் அவளுடையது. நூலக அடுக்குகளில் அவள் துறைக்குரிய நூல்களெல்லாம் ஆங்கிலத்தில் நிற்கின்றன. விலையோ அவள் தாயின் பல கிழமைக் கூலி. கணிப்பொறி முன் அமர்ந்தால் அங்கும் ஆங்கிலமே. முடிவில் அவள் போய் நிற்குமிடம் கல்லூரி வாயிலுக்கு எதிரே உள்ள நகலகம். மூன்றாண்டுக்கு முன் படித்த அக்கை ஒருத்தி எழுதி வைத்த வகுப்புக் குறிப்பு, படிக்குப் படியாய் எழுத்து மங்கி, அங்கேதான் கிடைக்கிறது. ஓர் ஆசிரியர் இருபதாண்டுக் காலம் தமிழில் சொல்லிச் சொல்லிச் செப்பம் செய்த பாடம் அது! அதை நகலகக்காரர் அறிவார், நூலகம் அறியாது.

‘திறந்த கல்வி வளங்கள்’ என்னும் பெயர் 2002-இல் யுனெசுகோ கூட்டிய கூட்டமொன்றில் பிறந்தது. 2019-இல் அதே அமைப்பு இதற்கெனப் பரிந்துரை ஒன்றை ஏற்றது. அதன் உட்பொருளைத் தமிழர் செவ்வையாக உணர்ந்துகொள்ளல் வேண்டும். ஒரு நூலை இலவயமாகப் படிக்க விடுவது வேறு. அதனைப் படியெடுக்கவும், திருத்தவும், தம் மொழிக்குப் பெயர்க்கவும், பிறர்க்குப் பரப்பவும் ஆக்கியோரே உரிமம் எழுதித் தருவது வேறு. முன்னது ஈகை மட்டுமே, பின்னது உரிமை. ஆங்கிலப் பாடநூல் ஒன்று அத்தகைய உரிமத்தோடு வருமானால், நெல்லை ஆசிரியர் எவர் ஒப்புதலையும் வேண்டி நில்லாமல் அதனைத் தமிழாக்கி, ஆட்டுக்கு மாற்றாய்த் தம் மாணவர் அறிந்த வெள்ளாட்டையும், அயல்நாட்டு ஆற்றுக்கு மாற்றாய்ப் பொருநையையும் எடுத்துக்காட்டாக வைத்துப் பாடம் சொல்லலாம்.

அறிவைத் திறந்து வைத்தல் பொருநைக்கரைக்குப் புதிதன்று. 1880-களில் உ.வே. சாமிநாதர் பத்துப்பாட்டுச் சுவடிகளைத் தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தபோது, கவிராயர் இல்லங்கள் தத்தம் ஏட்டுப் பெட்டிகளைத் திறந்து காட்டின. 1889-இல் பத்துப்பாட்டு அச்சேறியது. ‘எம் முன்னோர் சொத்து, எவர்க்கும் தாரோம்’ என்று அவ்வில்லத்தார் சொல்லியிருந்தால் கறையானுக்கே அது இரையாகியிருக்கும். இருபதாம் நூற்றாண்டில், 1920-இல், தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் எழுந்ததும் இதே திருநெல்வேலியிலிருந்துதான்.

மூடி வைப்பதன் கேட்டையும் இவ்வாறே இப்பள்ளத்தாக்கு பட்டறிந்திருக்கிறது. ஆதிச்சநல்லூரை 1876-இல் தோண்டிய செருமானியர் யாகோர், கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அவர் அயலார், போகட்டும். 2004, 2005-ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையே அகழ்ந்தது. அந்த அறிக்கை பதினைந்தாண்டுக்கு மேலாக மக்கள் கைக்கு வரவில்லை. தாழி கிடந்த மண்ணில் பிறந்த மாணவன் அத்தாழியைப் பற்றி எழுத, அவ்வகழ்வின் அடிப்படை ஏடே அத்தனை ஆண்டும் கைக்கு எட்டாதிருந்தது! இதற்கு மாறாக, சிவகளை முதலிய இடங்களின் காலக்கணிப்பைக் கூறும் ‘இரும்பின் தொன்மை’ என்னும் நூலைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்டது. அதனை எவரும் இணையத்தில் படிக்கலாம். பூட்டிய ஏட்டுக்கும் திறந்த ஏட்டுக்கும் உள்ள வேறுபாடு இதற்குமேல் விளங்க வேண்டுவதில்லை.

‘தமிழில் என்ன இருக்கிறது?’ என்று உதட்டைப் பிதுக்குவார்க்கு விடை உண்டு. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த தமிழர் ஒருவரின் முயற்சியால் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தமிழர் தட்டச்சுச் செய்தும் மெய்ப்புப் பார்த்தும் தந்த இலக்கியங்களை விலையின்றி வழங்குகிறது. யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிக்கப்பட்ட நெருப்பை நெஞ்சில் சுமந்த ஈழத்தமிழர் 2005-இல் ‘நூலகம்’ என்னும் மின்தொகுப்பைத் தொடங்கினர். பாரதியார் நூல்கள் 1949-இல் நாட்டுடைமையாயின. சங்கரன்கோயில் ஈன்ற பாவாணரின் நூல்கள் உட்பட எத்தனையோ ஆசிரியர் ஆக்கங்கள் பின்னர் அவ்வாறாயின. 2,000-க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களின் மின்படிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் விக்கிமூலத்துக்கு அளித்தது. கல்லூரித் தமிழ்வழிக் கல்விக்கென 1960-களிலும் 70-களிலும் அரசு எழுதுவித்த இயற்பியல், வேதியியல், பொருளியல், வரலாற்று நூல்கள் நூற்றுக்கணக்கானவை. அவற்றுட் பல இன்று மின்னூலகத்தில் உள்ளன. அவை அகவை முதிர்ந்தவை, அறிவியல் அவற்றைக் கடந்து சென்றுவிட்டது என்பது மெய்யே. அதனாலன்றோ திருத்தும் உரிமம் வேண்டும் என்பது! அந்நூல்களைத் திருத்திப் புதுக்கும் உரிமையை அரசு வெளிப்பட எழுதித் தந்தால், ஒவ்வொரு துறையும் ஒரு நூலை எடுத்துப் புதுக்கலாம்.

ஆய்வேடுகளின் நிலை தனி இரக்கம். 2009-இல் பல்கலைக்கழக நல்கைக் குழு வகுத்த விதிப்படி, முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவில் பொதுத் தொகுப்புக்குச் செல்ல வேண்டும். அத்தொகுப்பின் பெயர் ‘சோத்கங்கா’. பெயரில் பொருநைக்கும் இடமில்லை, காவிரிக்கும் இடமில்லை! ஆயினும் அங்கே சுந்தரனார் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் உள்ளன. ஒருங்குகுறியில் அமையாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ் ஆய்வேடு எதுவாயினும், தமிழில் தேடினால் அது அகப்படாது. இருந்தும் இல்லாதது போன்றதே அது. எழுத்துருவை மாற்றிப் பொருளடைவு எழுதுவது பொறியாளர் வேலையன்று, நூலகர் வேலை.

நூலகர்மேல் மட்டும் பழி போடுவது அறமாகாது. பணியிடம் ஒழிந்தால் நிரப்பப்படாமை, நூல் வாங்கும் தொகை ஆங்கிலத் தரவுத்தளக் கட்டணத்துக்கே கரைதல், ஆசிரியர் பதவி உயர்வில் இதழ்க் கட்டுரைக்கே பெருமதிப்புத் தருதல் ஆகிய இவை நூலகர் செய்த குற்றங்கள் அல்ல. தமிழில் ஒரு பாடநூலை ஆக்கித் திறந்த உரிமத்தில் வைத்த ஆசிரியர்க்கு, இதழ்க் கட்டுரை ஒன்றுக்குத் தரும் மதிப்பையேனும் பல்கலைக்கழகம் தரவேண்டாமா?

ஆயினும் ஆணைக்குக் காத்திராமல் நூலகம் இன்றே செய்யத்தக்கன உள. தமிழில் விலையின்றிக் கிடைக்கும் நூல்களைத் துறைவாரியாகத் தொகுத்து, நூற்பட்டியில் அச்சு நூல்களோடு ஒன்றாகக் கோத்தல் வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் உரிமம் இன்னது, எதுவரை செல்லும் எனக் குறித்தல் வேண்டும். படிக்க மட்டும் ஒப்புதலுள்ள நூலை மாற்றியெழுதி ஆசிரியர் இடர்ப்படலாகாது. ஆசிரியர்களின் தமிழ்க் குறிப்புகளை, அவர்தம் எழுத்து ஒப்புதலோடும் பெயரோடும் ஆண்டோடும் பெற்று, மெய்ப்புப் பார்த்து, கல்லூரியின் மின்தொகுப்பில் ஏற்றுதல் வேண்டும். வீட்டில் இணைய இணைப்பில்லாத பிள்ளை நூலகத்திலேயே கைப்பேசியில் இறக்கிக்கொண்டு பேருந்தில் போகும்போது படிக்க வழி செய்தல் வேண்டும்.

சூன் திங்களில் கல்லூரிகள் திறக்கின்றன. அதற்குள், வாயிலுக்கு எதிரே உள்ள நகலகத்தில் எந்தெந்த ஆசிரியரின் குறிப்புகள் மிகுதியாகப் படியெடுக்கப்படுகின்றன என்று ஒவ்வொரு நூலகரும் ஒருமுறை கேட்டு வரட்டும். முதலில் தொகுக்க வேண்டுவன எவை என்பதை நகலகக்காரரே சொல்லிவிடுவார்.